சி விங்கின் ஜனத்தொகை

ஆறே வயதான ஓர் இடத்துக்கு வரலாறு எழுத உட்கார்ந்தவர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. வரலாற்றைவிட நான் மூன்று வயது மூத்தவள்.

புனேயில் வாகட் பக்கம், மூன்று விங்குகளும் ஒரு நீச்சல் குளமும் ஒரு கணபதி கோயிலுமாகத் திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. அப்பாவுக்கு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. தாத்தாவும் அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்தான். இரண்டு தலைமுறையாக குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கவே யோசித்த குடும்பம் முதன்முதலாகச் சொந்த வீட்டுக்கு வந்ததில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு விற்கும்போது கொடுத்த வழவழப்பான படப் புத்தகத்தை அவர் பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். எந்த மரம் எங்கே நிற்கும், குழந்தைகள் எங்கே விளையாடுவார்கள், வயதானவர்கள் எந்தப் பாதையில் நடப்பார்கள் என்று அதில் எல்லாமே முடிவு செய்யப்பட்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நால்வரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று கச்சிதமாக நாலு பேர். எங்களைப் பார்த்துத்தான் அந்தத் திட்டத்தையே போட்டார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தில் அத்தை இல்லை.

அத்தை அப்பாவின் அக்கா. குவார்ட்டர்ஸில் பிறந்து, பக்கத்திலிருந்த மராத்திப் பள்ளியில் படித்து, எங்கள் பூர்வீகமான திருநெல்வேலிப் பக்கமே வாக்கப்பட்டுப் போனவள். புது வீட்டுக்கு நாங்கள் வந்து நாலு வருடம் ஆனபோது, ஒரு நீலப் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அக்கா வந்திருக்கா" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அந்த வாரமும் அதையே சொன்னார், அடுத்த மாதமும் அதையே சொன்னார், தீபாவளி போய் அடுத்த தீபாவளி வந்தபோதும் அதையேதான் சொன்னார். லிஃப்டில் யாராவது மராத்தியில் கேட்டால் "பஹீண் ஆலீ ஆஹே" என்பார். அதற்கும் அக்கா வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். ஆக, அத்தை இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தாள். அவளுடைய புடவைகள் அந்த நீலப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பெட்டி ஹாலில் அவள் படுக்கும் திவானுக்கு அடியில் இருந்தது. "மாமா எப்போ வருவாங்க?" என்று நான் ஒருமுறை கேட்டபோது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். தலை பின்னிவிடும்போது அம்மாவைப் போல வெடுக்கென்று இழுக்கமாட்டாள். கறிகாய்க்காரரிடம் அவள் மராத்தியில் சண்டை போட்டுக் கொத்தமல்லிக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு வருவதை வேடிக்கை பார்க்கவே நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன்.

இப்படி இருக்கையில்தான் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவது என்று சொசைட்டியில் முடிவானது. முன்பகுதியில் குடியிருப்பின் வரலாறு, பின்பகுதியில் இங்கே வசிக்கும் ஒவ்வொருவரின் பெயரும். வரலாற்றை எழுத அப்பா தாமாகவே கையைத் தூக்கினார். வாட்ச்மேன் காகா ஒரு காலத்தில் இதே நிலத்தில் உழுதவர் என்று கேள்விப்பட்டு, நோட்டும் பேனாவுமாக கேட்டுக்குப் போனார். இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். "ஊஸ்" என்றார் காகா. கரும்பு. அதற்கு முன்னால்? காகா நன்றாக யோசித்துவிட்டு, அப்போதும் ஊஸ்தான் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அப்பா இரண்டு பக்கம் எழுதினார்.

பெயர் சேகரிக்கும் வேலை குழந்தைகளுக்கு வந்தது. சும்மா சொன்னால் செய்யமாட்டோம் என்று தெரிந்து, எந்த விங்கில் அதிகம் பேரோ அந்த விங்குக் குழந்தைகளின் படம் மலரின் அட்டையில் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். அவ்வளவுதான், எங்களுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நாங்கள் சி விங். பி விங்கில் அந்த வாரம்தான் பிறந்து, இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்தே வராத ஒரு பாப்பாவைக்கூடச் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் அவர்களிடம் நூற்று அறுபத்து மூன்று பேர். எங்களிடமும் நூற்று அறுபத்து மூன்று பேர். மீதியிருந்தது எங்கள் வீட்டுப் படிவம் மட்டும்தான். அதிலுள்ள நாலு பேரையும் ஏற்கெனவே கணக்கில் சேர்த்திருந்தேன்.

படிவத்தின் கீழே விருந்தினரைச் சேர்க்க வேண்டாம் என்று போட்டிருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். விருந்தாளி வந்தால் அம்மா கண்ணாடித் தம்ளரை எடுப்பாள். அத்தை குடிப்பது விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தம்ளரில். விருந்தாளியை யாரும் பால் வாங்கிவர அனுப்பமாட்டார்கள். அத்தைதான் தினமும் போகிறாள். ஆகவே அத்தை விருந்தாளி இல்லை. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நூற்று அறுபத்து நாலு!

ஆனால் பெயர் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மகாராஷ்டிரத்துப் படிவம் எதுவானாலும் பெயருக்கு மூன்று கட்டம் உண்டு. தன் பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பதோ ஓர் இனிஷியலும் ஒரு பெயரும். தாத்தா புனேக்கு வந்த புதிதில், மூன்றாவது கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு அந்தக் கண்டத்திலிருந்து தப்பித்தார். அதிலிருந்து அதுவே எங்கள் குடும்பப் பெயராகிவிட்டது. அத்தைக்கு நடுக் கட்டத்தில் என்ன போடுவது? அப்பாவுக்கு நடுவில் தாத்தாவின் பெயர் இருந்தது. அத்தைக்கும் தாத்தாதானே அப்பா. அப்பாவின் வரியைப் பார்த்து அப்படியே இறக்கி எழுதினேன். அத்தையின் பெயர், தாத்தாவின் பெயர், ஊரின் பெயர்.

பிழை திருத்த அச்சுப்படி அப்பாவிடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இதை யாருட்டி எழுதுனா?"

"நான்தான்ப்பா."

"அத்தை வந்துல்லா இருக்கா? வந்தவங்க பேரை எதுக்கு எழுதுன? அதுவும் நடுவுல அத்தான் பேருல்லா வரணும்?"

"மாமா பேரு எனக்கு மாலூம் இல்லப்பா" என்றேன். மாலூம் என்பது இந்தி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்குத் தமிழே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றினார். இத்தனை பேர் கையில் போகப்போகிற புத்தகம், ஊரே கேட்கும், நாளைக்கே அத்தான் வந்து கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், அத்தைக்காக இல்லை. அட்டைப் படம் போகிறதே என்றுதான்.

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அத்தையும் அம்மாவும் ஒருவரை ஒருவர் கொஞ்சிக்கொண்டவர்கள் இல்லை. எந்தக் குக்கரில் எத்தனை விசில் என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகாது. அதனால் அம்மா அப்பா பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

"மதினி வந்திருக்காக, வந்திருக்காகன்னு ரெண்டு வருசமாச் சொல்லுதியளே, அவுக இன்னுமா வந்து முடியல?" என்றாள் அம்மா. "பேரை அடிக்காதிய. பேனாவைக் கீழ வைங்க."

பால்கனியில் கேட்டுக்கொண்டிருந்த துணி உதறும் சத்தம் நின்றுபோனது. அத்தை அங்கேதான் இருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அப்பா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி, மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சற்றுப் பொறுத்து பால்கனியில் மறுபடியும் துணி உதறும் சத்தம் கேட்டது.

மலர் வந்தது. அட்டையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு முன்பல் இரண்டும் கிடையாது என்பது அண்ணனுக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான கேலியாக இருந்தது. அப்பா தம்முடைய கரும்பு வரலாற்றைத் தாமே மூன்று முறை படித்தார். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். பெயர்கள் மராத்தி எழுத்தில் அச்சாகியிருந்தன. அம்மாவுக்கு அது படிக்க வராது, அத்தைக்கு நன்றாக வரும். சி விங் பக்கத்தில் விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். தன் பெயர், தாத்தாவின் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் ஒவ்வொன்றாக, சத்தமாக, வேறு யாரோ வாசிப்பது போல வாசித்தாள். பிறகு திவானிலிருந்து எழுந்து நேராக நின்றாள்.

"ஹஜர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் காதில் அது ஹஜார் என்று விழுந்தது; ஹஜார் என்றால் மராத்தியில் ஆயிரம். "ஆயிரமெல்லாம் இல்ல அத்தை, நூத்தி அறுபத்தி நாலுதான்" என்று திருத்தினேன்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆமாட்டி, நூத்தி அறுவத்தி நாலு. அது போதும்" என்றாள். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது நீலப் பெட்டி பரணில் கிடந்தது. அம்மா தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருந்தாள். அத்தை கூட்டலில் கொஞ்சம் மந்தம் என்று அண்ணனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன்.

சென்ற வருடம் சாங்வியில் ஒரு சிக்னலில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். பக்கத்து மதிலுக்குப் பின்னால் ஒரு மராத்திப் பள்ளி. ஜன்னல் வழியாக ஆசிரியை வருகைப் பதிவு எடுப்பது கேட்டது. நான் படித்த இங்கிலீஷ் பள்ளியில் எங்களுக்கெல்லாம் நம்பர்தான். இங்கே தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் சேர்த்து முழுசாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் ஒரு குழந்தைக் குரல் எழுந்தது: "ஹஜர்", "ஹஜர்", "ஹஜர்."

பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அத்தை அன்று ஜனத்தொகையைச் சொல்லவில்லை. அவ்வளவு காலம் கழித்து அவளை அவளுடைய முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் எழுந்து நின்று, உள்ளேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.