மூன்று பேரிடம் சொன்ன சொல்

பஜ்ஜியின் சூட்டில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போலாகிவிட்ட செய்தித்தாள் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கத்து எழுத்துகளும் கலந்து தெரிய, திருத்தணி பேருந்து நிலையத்தில் நானும் ஷமீமும் வார்த்தை பொறுக்கியது ஆறாம் வகுப்பில்தான்.

அம்மையார்குப்பத்தில் தறி போட்டிருந்த எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. அப்பா எனக்கு "நைனா". மெக்கானிக் மகளான ஷமீமின் வீட்டில் உருது. ஒருநாள் வகுப்பில் பிடித்த காயைக் கேட்டபோது, கத்தரிக்காய் என்ற சொல் வாயில் வராமல் "வங்காய" என்றுவிட்டேன். அதுவே என் பெயராகிப்போனது. இருவர் இருவராகச் சேர்ந்து சொற்போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். எங்களைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லாததால் நாங்களே ஓர் அணியானோம்.

"மனப்பாடம் பண்ணா மறந்துடும்டி, பேசிக்கினே இருக்கணும்" என்றாள் ஷமீம். தினமும் மூன்று சொற்கள். பள்ளி அகராதியில் பொருள் பார்த்து, ஒவ்வொன்றையும் மறுநாளுக்குள் மூன்று பேரிடம் நிஜப் பேச்சில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது எங்கள் கணக்கில் சேராது. பேருந்தில் நான், "நெரிசல் மிகுதியா இருக்குங்க" என்றதற்கு, "ஆங், மிகுதிதான், உள்ள போம்மா" என்றார் நடத்துநர். வண்டி ரிப்பேருக்கு வந்தவரிடம், "இது உங்க அலட்சியத்தால வந்த பழுது" என்று ஷமீம் சொல்லிவைக்க, அவள் அப்பா ஸ்பானரோடு அப்படியே நின்றுவிட்டாராம். "இன்னா பேச்சுடி இது!" என்று அம்மா சிரிப்பாள்; நைனாவோ தறியை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பார்.

போட்டியன்று சீட்டில் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்லி, வாக்கியமும் அமைக்க வேண்டும். ஒவ்வோர் அணியாக உட்கார, கடைசியில் வகுப்பின் முதல் மாணவியின் அணியும் நாங்களும் மட்டும் நின்றோம். "அவகாசம்" என்று வந்தது. "அவசரம்" என்று பொருள் சொல்லி அவள் தவறிவிட்டாள். ஷமீம் என் கையை அழுத்தினாள். தையற்காரர், பால்காரர், நைனா என்று மூன்று பேரிடமும் நான் சொல்லி முடித்திருந்த சொல் அது. "கால இடைவெளி" என்றேன். பிறகு வகுப்பைப் பார்த்து, "சிரிப்பதற்கு முன் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், நாங்களும் பேசிவிடுவோம்" என்றேன். முதலில் கைதட்டியவள் தோற்ற அந்த முதல் மாணவிதான். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னை என் சொந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்.

அந்த ஓட்டு வகுப்பறையை இடித்துவிட்டார்கள்; ஷமீம் அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நான் அரக்கோணத்தில் தமிழ் கற்பிக்கிறேன், ஷமீம் வழக்கறிஞர். போன மாதம் அவள் வாதாடுவதைக் கேட்கப் போயிருந்தேன். அவள் சொன்ன ஒரு தமிழ்ச் சொல் புரியாமல் எதிர்த்தரப்பு வக்கீல் நிறுத்தி விளக்கம் கேட்டார். அவள் நிதானமாக விளக்கிவிட்டு வாதத்தைத் தொடர்ந்தாள். நீதிமன்றத்தில் கைதட்டக் கூடாதாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.