உடைக்காத ஐஸ் கட்டி

நற்பிட்டிமுனை அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டுச் சாய்ந்தமருதுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயிலில் ஒரு மீன் லொறி அச்சு முறிந்து நின்றது. பெட்டிகளிலிருந்த ஐஸ் தண்ணீராகி வழிந்தது. மாற்று லொறி வரும்வரை மீன் தாங்காது என்று முதலாளி பதறினார். மிச்சமிருந்த ஐஸ் கட்டிகளைச் சாக்கால் போர்த்தி, அவற்றின் மேல் மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி சாக்குக்குள் கைவிட்டுக் கட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“எல்லாத்தையும் உடைச்சு மீனில கொட்டு! காவல் காக்க இது என்ன ஒன்ட சீதனமா?” என்று முதலாளி கத்தினார்.

“உடைச்சா ஒவ்வொரு துண்டையும் சுத்திவரச் சூடு புடிக்கும், முதலாளி. சுறுக்காக் குளிரும், சுறுக்காக் கரஞ்சும் போயிரும். பொறகு மீனுக்கு என்னத்தப் போடுற?”

முதலாளி சம்மட்டியை ஓங்கினார். மெலிந்தவர் எழும்பவில்லை.

“அப்ப என்ட காலுல அடிங்க.”

முதலாளி சம்மட்டியைத் தாழ்த்தினார். மெலிந்தவர் அதை வாங்கி ஒரு கட்டியை மட்டும் உடைத்தார். அது கரைந்த பிறகே அடுத்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மாற்று லொறி வந்தது. மீன்களின் செவுள் இன்னும் சிவப்பாகவே இருந்தது. நான் பெயர் கேட்குமுன் அவர் அதில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடற்கரையில் மீன் இறக்கும் ஒரு வாடியில் ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. சம்மட்டியைத் தந்ததும், தோணி கரைக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். கட்டியின் மேல் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்தேன்.