எழும்ப முடியாத ஒரு சுஜூது

நோன்புப் பெருநாளெல்லாம் முடிந்து ஆறுதலாகப் பிறக்க வேண்டிய பிள்ளை, தலைநோன்புக்கு முந்திய கிழமையே பிறந்துவிட்டான். 1996ஆம் ஆண்டின் தொடக்கம், யுத்த காலம். மாரி மழை விட்டபாடில்லை. சாய்ந்தமருதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் வேனை மறித்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சிப்பாய்களே பயந்துபோய் வழிவிட்டார்கள்.

பிள்ளை அழவில்லை. நீலமாக இருந்தான். பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்ல அவனுடைய வாப்பாவைக் கூப்பிடுவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள்தான் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மூக்கில் குழாய். பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு கவ்வி. பக்கத்து மெஷினில் ஓர் எண். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் மூச்சை மறந்துவிட்டான். மாதம் நிறையாத பிள்ளைகளின் மூளைக்கு, மூச்சுவிட வேண்டும் என்பதே சில நேரம் ஞாபகம் இருக்காதாம். எண் இறங்கியது. உதடு கறுத்தது. மெஷின் கத்தியது. தாதி மிஸி ஓடி வந்து அவனுடைய உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். ஒரு விக்கலோடு மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுமாம். மூளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்கே தெரியாதாம்.

"உயிர் தப்பினாலும் நடக்கிறது, கதைக்கிறது எல்லாம் பிந்தலாம். நடக்காமலும் போகலாம். வளர வளரத்தான் தெரியும், அம்மா."

அன்று பின்னேரம் என் ராத்தா வந்தார். எனக்கு மூத்தவர். மார்க்க விஷயத்தில் அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. பெட்டிக்கு முன்னால் நான் துஆக் கேட்கக் கையை உயர்த்தினேன். அவர் பிடித்து இறக்கிவிட்டார்.

"நாப்பது நாள் முடியுமட்டும் நீ சுத்தமில்ல புள்ள. தொழவும் ஏலா, ஓதவும் ஏலா. கையேந்தாத. புள்ளைக்கித்தான் கூடாது."

பிள்ளை பெற்றவளுக்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். கேட்கவும் கூடாதா? பிள்ளைக்குக் கூடாது என்றதும் நான் நடுங்கிப்போய் நம்பிவிட்டேன். ஊரே நோன்பு பிடித்து, இரவில் தராவீஹ் தொழுது, வேண்டியதையெல்லாம் கேட்கிறது. பெற்ற நான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

நோன்பு நடுவில் ஒரு பகல், மெஷின் மறுபடி கத்தியது. அன்று எவ்வளவு சுண்டியும் மூச்சு வரவில்லை. முகத்தில் மூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினார்கள். எண் இறங்கிக்கொண்டே போனது. பையை அமுக்கிக்கொண்டிருந்த மிஸி காரைதீவுக்காரி, இந்துப் பெண். கையை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"என்ன தங்கச்சி மரம் மாதிரி நிக்காய்? உன்ட அல்லாஹ்விட்டக் கேளு! நான் என்ட அம்மாளிட்டக் கேட்டுக்கொண்டுதான் நிக்கன்!"

எனக்குப் பொறி கலங்கியது. கை தானாக உயர்ந்துவிட்டது. மனப்பாடமாக இருந்த அரபு துஆ ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. "யா அல்லாஹ், அவன்ட மூளைக்குக் காத்தக் குடு. காத்தக் குடு." இவ்வளவுதான் வந்தது. பைத்தியக்காரி மாதிரி அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். எண் நின்றது. பிறகு ஏறியது. மிஸி தரையில் இருந்துவிட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

என் கணவர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். "தொழுகதான் இல்லயாம் புள்ள. கேக்குறதுக்கு எந்தத் தடையும் இல்லயாம். நீ விடாமக் கேளு" என்றார். ராத்தாவுக்கு அந்த மௌலவி மேலேயே சந்தேகம் வந்தது.

பெருநாளும் ஆஸ்பத்திரியிலேயே போனது. பிறகு ஒருநாள் பிள்ளையோடு வீடு வந்தோம். றிஸ்வான் என்று பெயர் வைத்து, வாப்பா அன்றுதான் காதில் பாங்கு சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டியதை அடுத்த வளவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

டொக்டர் சொன்னது நடந்தது. மற்றப் பிள்ளைகள் தவழும் வயதில் இவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. கால் இரண்டும் இறுகி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். கிளினிக்கில் காட்டித் தந்தபடி தினமும் நீட்டி மடக்குவேன். அவன் கத்துவான். நானும் கூடக் கத்துவேன். கண்ணூறு என்றார்கள், நூல் கட்டு என்றார்கள். நான் பயிற்சியையும் விடவில்லை, கேட்பதையும் விடவில்லை. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு சுஜூதிலும் ஒன்றேதான்: "அவன நிக்க வை." ஒன்றையே கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவன் பிறந்து இரண்டு வருடத்தால் வந்த நோன்பு. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம். அவனைப் பாயின் ஓரத்தில் விட்டுவிட்டுத் தொழுதேன். அப்போது கொஞ்சம் அரைந்து அரைந்து நகருவான், அவ்வளவுதான். கடைசி ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தேன். குதிகாலில் விரல்கள் பட்டன. தொழுகைத் துணி இழுபட்டது. இடுப்பில் ஒரு பிடி. பிறகு முதுகில் பாரம்.

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் பின்னால் ஓட்டினேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பாதங்கள். குதி நிலத்தில் படவில்லை. விரல் நுனியில் நடுங்கிக்கொண்டு நின்றன. நின்றன!

இப்போது மூச்சை மறந்தது நான்தான்.

எழும்பினால் விழுந்துவிடுவான். சுஜூதில் ஓதும் தஸ்பீஹ் நாக்கில் அப்படியே நின்றுவிட்டது. கண்ணீர் மூக்கு வழியாகப் பாயில் ஒழுகியது. அந்த நேரம் பார்த்து நோன்புக் கஞ்சியோடு ராத்தா உள்ளே வந்தார். தொழுகிறவளோடு கதைக்கக் கூடாது என்பதையும் மறந்து அலறினார்.

"அல்லாஹ்வே! எழும்பாத புள்ள, எழும்பாத! நிக்கான்! நிக்கான் புள்ள!"

கையேந்தாதே என்ற அதே ராத்தா.

இப்போது 1999. சுவரைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியில் நடக்கிறான். பேச்சு கொஞ்சம்தான். முழுதாகச் சுகமாகிவிட்டான் என்று பொய் சொல்லி அல்லாஹ்வைப் புகழ மாட்டேன். அவனுக்கு அந்தப் பொய் தேவையில்லை. அந்த மிஸியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவனுடைய உள்ளங்காலைத் தடவி, "இந்தக் கால எத்தின தரம் சுண்டியிருப்பன்" என்று சொல்லி அழுதுவிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் சகோதரிகளே, கேளுங்கள். சுத்தமாகும் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரபு வராவிட்டால் வருகிற தமிழில் கேளுங்கள். கிளினிக்கையும் விடாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ், என் வீட்டில் இப்போது தொழுகை முடிய நேரமாகும். நெற்றி தரையில் பட்டதும் அவன் வந்து முதுகைப் பிடித்துக்கொள்வான். அவனாக விடும்வரை நான் எழும்புவதில்லை.