சோடியம் நூற்று முப்பத்தெட்டு

அன்று நான் எழுதிக் கொடுத்த எண் நூற்று முப்பத்தெட்டு. கீழே என் கையெழுத்து. இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த தைரியத்தில் போட்ட கையெழுத்து. 

ரெட்டியார்பாளையத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனை சின்னது. ரத்தத்தில் உள்ள சோடியத்தை, அதாவது உப்புச் சத்தை, அளக்கும் மெஷின் அன்று காலை ஏழு மணிக்கே படுத்துவிட்டது. சர்வீஸ் ஆள் மறுநாள்தான் வருவார். கூட வேலை பார்த்த இரண்டு பெண்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அலமாரிக்கு அடியில் உறை போட்டு வைத்திருந்த பழைய ஃபிளேம் போட்டோமீட்டரை வெளியே இழுத்தேன். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சுத்தமான தண்ணீரில் கலந்து வைத்தால், அது உறிஞ்சி கேஸ் தீயில் தெளிக்கும். சோடியம் இருந்தால் தீ மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு சோடியம். அந்தப் பெண்கள் பிறப்பதற்கு முன்பே நான் இதில் வேலை கற்றவள். தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்தத் தீயைப் பார்த்ததில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அப்போது எனக்கு வானியல் பைத்தியம் பிடித்திருந்தது. ஆன்லைனில் ஓர் அடிப்படைப் படிப்பு. அரியாங்குப்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர்களில் ஆரம்பித்து நட்சத்திரங்களின் ஒளி வரைக்கும் வந்திருந்தேன். நட்சத்திரம் எதனால் ஆனது என்பது மனிதனுக்குத் தெரியவே போவதில்லை என்று அடித்துச் சொன்னாராம் ஒரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர். அவர் கண்ணை மூடி இரண்டு மூன்று வருடத்துக்குள் ஜெர்மனியில் இரண்டு பேர் ஒரு கேஸ் தீயை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு தனிமமும் தீயில் தனக்கென்று சில நிறக் கோடுகளைக் காட்டும். சோடியத்துக்கு மஞ்சள். சூரிய ஒளியைப் பிரித்தால் அதே மஞ்சள் இடத்தில் கறுப்புக் கோடு. சூரியனைச் சுற்றியிருக்கும் ஆவியில் உள்ள சோடியம் அந்த மஞ்சளை விழுங்கிவிடுகிறது. ஆக, சூரியனையும் நம் ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் பரிசோதிக்கிறோம். இதை அந்தப் பெண்களிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்கள்.

காற்றில் தீ ஆடக்கூடாது என்பதால் ஃபேனையும் ஏசியையும் நிறுத்தியிருந்தேன். பத்து மணிக்கெல்லாம் அறை வெந்தது. கிளவுஸுக்குள் வேர்வை குளமாகத் தேங்கவே, கழற்றிக் குப்பையில் எறிந்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

பதினொன்றரைக்கு ஒரு சாம்பிள் வந்தது. எழுபத்தைந்து வயதுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. இரண்டு நாளாக வாந்தி, அன்று காலையிலிருந்து புத்தி தடுமாற்றம். பரிசோதனைக் கூடத்து வாசலில் அவருடைய மனைவி வந்து நின்றார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சிலுவை. ரிசல்ட் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டாக்டர் பிரஷருக்கு மாத்திரை குடுத்து, உப்பக் கொறைக்கத்தாம்மா சொன்னாரு. நான் சுத்தமா நிறுத்திட்டேன். ரெண்டு மாசமா கல்லு உப்பு ஒண்ணு போடல. டாக்டர் உத்தரவுன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். அதனால இப்படி ஆயிடுச்சா?"

எண் அப்போதுதான் திரையில் வந்து நின்றது. நூற்று முப்பத்தெட்டு. சாதாரண அளவு. உப்பு சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் சமையல் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பினேன். அவர் சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பத்து நிமிடத்தில் டூட்டி டாக்டர் இறங்கி வந்தார். என்னில் பாதி வயது இருக்கும். நோயாளி இருக்கும் நிலைக்கும் இந்த எண்ணுக்கும் ஒத்துவரவில்லை, திரும்பப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முந்தின வாரப் பாடத்தில்தான் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தேன். நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று கணக்குப் போட்டவர். பெரிய பேராசிரியர் ஒருவர் அது நடக்காத காரியம் என்றதும், அந்த அளவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதிவிட்டார். நாலு வருடம் போனபிறகு அந்தப் பெண் முதலில் சொன்னதுதான் சரி என்று அந்தப் பேராசிரியரே ஒத்துக்கொண்டார். பஸ்ஸில் அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இன்றைக்கு நான் பின்வாங்குவதாக இல்லை.

"என் நம்பர் சரியாத்தான் இருக்கு சார். நீங்க வேற காரணத்தத் தேடுங்க."

அவர் சண்டை போடவில்லை. சோடியம் சரியென்றால் மூளையில்தான் ஏதோ இருக்க வேண்டும், ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வரும் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்து அடுத்த சாம்பிளை எடுத்தேன். தண்ணீரில் கலந்தேன். காலையிலிருந்து செய்வது போலவே டெஸ்ட் டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, கவிழ்த்துக் குலுக்கினேன். விரலை எடுத்தபோது நுனியில் ஈரம். அப்படியே நின்றுவிட்டேன்.

பாடத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஜெர்மானியர்கள் எதைத் தீயில் காட்டினாலும் மஞ்சள் கோடு வந்து தொலைத்ததாம். துளி சோடியம் போதும். காற்றில் பறக்கும் உப்புத் தூசி போதும், கை பட்டால் போதும். பஸ்ஸில் அதைக் கேட்டுச் சிரித்தவள் நான். இங்கே கை முழுக்க வேர்வை உப்பு.

வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு டியூபில் ஊற்றினேன். அதே கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கித் தீக்குக் கொடுத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இருபத்தாறு காட்டியது. பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.  

கிளவுஸ் போட்டேன். மூடி உள்ள புது டியூபை எடுத்தேன். சொல்தாவின் சீரம் கொஞ்சம் மீதி இருந்தது, இரண்டு தடவைக்குத்தான் காணும். என் கையை நம்பாமல், கலக்குவதை எட்டிப் பார்த்த பெண்ணையே செய்யச் சொன்னேன். நூற்றுப் பதின்மூன்று. மறுபடியும் நூற்றுப் பதின்மூன்று. அந்த அளவுக்கு இறங்கினால் மூளை வீங்கும், எந்த நேரமும் வலிப்பு வரும். வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்கும் பீப் சத்தம் கேட்டது.

படிக்கட்டில் ஓடினேன். மூட்டு வலி, வயது எதுவும் அப்போது தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நூத்திப் பதிமூணு சார். மொத ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னோடது."

டாக்டர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் அப்படியே திரும்பியது. அடர்த்தியான உப்புக் கரைசலை நரம்பில் சிறுகச் சிறுக ஏற்ற ஆரம்பித்தார்கள். அவசரப்பட்டு ஏற்றினாலும் ஆபத்து என்பதால் டாக்டர் கட்டில் பக்கத்திலேயே நின்றார். அந்த மனைவி சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார். நான் சொன்னதில் தன் சமையல் மேலும் தப்பு உண்டு என்ற இன்னொரு அர்த்தம் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அருகில் போகத் தைரியம் இல்லை. கிளவுஸைக் கழற்றிய பிறகு என் கட்டைவிரல் பட்ட ரிப்போர்ட் இன்னும் ஒன்பது இருந்தது. போய் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் ரத்தம் எடுத்தேன். நல்ல வேளை, வேறு யாருக்கும் இந்த அளவு மோசமில்லை.

இரண்டு நாளில் சொல்தாவுக்கு நினைவு தெளிந்தது. அன்று மதியம் அவருடைய மனைவி கீழே இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ உன் தப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. நான் இன்னும் அவருகிட்ட சொல்லல. கூட வந்து நிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

உடம்பிலுள்ள உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பிரஷர் மாத்திரைதான் பெரிய காரணம், நீங்கள் உப்பு போடாதது கொஞ்சம்தான் என்றேன். அது உண்மையும்கூட. அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நகரவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவரோடு மேலே போனேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பிரெஞ்சில் பேசினார். நன்றி சொல்லும் ‘மெர்சி’யைத் தாண்டி எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் உப்பு என்ற தமிழ் வார்த்தை மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. சொல்தா கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"எவ்ளோ இருந்துச்சி?"

"நூத்திப் பதிமூணு ஐயா."

"எவ்ளோ இருக்கணும்?"

"நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும்."

கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஊசி ஏறாத கையை நீட்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்திரெண்டுதான கொறச்சல்" என்றார். "வுடு."

இரண்டு நாளும் கண் கலங்காமல் இருந்த அந்த அம்மா, கட்டிலில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அங்கேயே நின்று அழுதேன்.