பி.பி. அல்போன்சா

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சும்மாதான் வர்றேன்!"

தெருமுனை திரும்பும்போதே அல்போன்சா குரல் கொடுத்துவிடுகிறார். கையில் ஒரு கொத்து கறிவேப்பிலை. அதைக் கொடுக்க நாலு வீடு நடப்பதற்குள் "ஒண்ணுமில்ல"வைப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவார். வாசலுக்கு வந்தாலும் உள்ளே போகமாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, கம்பிகளுக்கு நடுவே கொத்தை நீட்டிவிட்டு, "வர்றேன்மா" என்று திரும்பிவிடுவார். மர்பி டவுனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த அம்மாள் ஒரு மாதிரி என்று நினைக்கிறார்கள். பழையவர்களுக்குக் காரணம் தெரியும், ஆனால் அதை யாரும் பேசுவதில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. நைட்டியின் மேல் ஒரு பூப்போட்ட துண்டு, காலில் நீல ரப்பர் செருப்பு. இடது செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருக்கும். கணவர் டெலிபோன் தொழிற்சாலையில் முப்பது வருடம் டெலிபோன் செய்தவர். தன் வீட்டுக்கு ஓர் இணைப்பு கேட்டுப் பதிவு செய்துவிட்டு எட்டு வருடம் காத்திருந்தார். 1991இல் வீட்டுக்கு இணைப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கூடத்தில் இயேசு படத்துக்குக் கீழே முக்காலி போட்டு, தானே பின்னிய வெள்ளை நூல் விரிப்பின் மேல் அல்போன்சா அந்தக் கருவியை வைத்தார். அன்றைக்குத் தெருவில் வேறு போன் கிடையாது.

அப்புறம் என்ன, தெருவே அந்த எண்ணைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில், வேலை விண்ணப்பத்தில், பிள்ளையின் பள்ளிக்கூட டயரியில் எல்லாம் அல்போன்சாவின் எண், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பி.பி." என்று இரண்டு எழுத்து. பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். அல்போன்சா வீட்டு மாடி அறையில் குடியிருந்த நானும் விசிட்டிங் கார்டில் அப்படித்தான் அச்சடித்து வைத்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை.

சாதாரண அழைப்பு என்றால் அல்போன்சா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கூவுவார். "சந்தானம்! ஊர்லேந்து போன்! ஜல்தி வா, பில்லு ஏறுது அவங்களுக்கு!" அந்தக் குரல் ரேஷன் கடை வரைக்கும் கேட்கும். சந்தானம் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்.

சாவுச் செய்தி என்றால் கூவமாட்டார். ரிசீவரை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "கொஞ்சம் உக்காரும்மா" என்பார். நின்றவாக்கில் கேட்டால் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று பயம் அவருக்கு. உட்கார்ந்த பிறகுதான் விஷயம். இப்படி நாலைந்து வீடு ஆனதும் தெருவுக்குப் பாடம் ஆகிவிட்டது. அல்போன்சா கூவினால் யாரோ உயிரோடு பேசுகிறார்கள். அல்போன்சா நடந்து வந்தால் யாரோ போய்விட்டார்கள்.

1994இல் எதிர்வீட்டு வேதநாயகியின் கணவரை அத்திபெலே அருகே லாரி மோதியது. செய்தியோடு போனவர் அல்போன்சாதான். அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு, தட்டு நிறைய கல்கல் பலகாரமும் கேக்கும் வைத்துத் துணியால் மூடி, பழக்கதோஷத்தில் பேசாமல் அதே வீட்டுக்கு நடந்து போனார். ஜன்னல் வழியே பார்த்த வேதநாயகி, கடைக்குப் போயிருந்த மகள் சிந்துவின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். "ஐயோ வேதா, கேக்குமா, கேக்கு!" என்று அல்போன்சா கத்தியது தெருவுக்கே கேட்டது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்துதான் இந்த "ஒண்ணுமில்ல". அன்றிலிருந்து சாவுச் செய்தி சொல்லப் போவதைத் தவிர எந்த வீட்டு வாசற்படியும் அவர் ஏறியதில்லை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் கேட்டோடு சரி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். 1997இல் ஒரு காலை, ஸ்டவ்வில் பால் வைத்துவிட்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். மாடிப்படியில் ரப்பர் செருப்புச் சத்தம். வந்தவர் முதலில் ஸ்டவ்வை அணைத்தார். பிறகு, "உக்காரு தம்பி" என்றார். ஆம்பூரில் அப்பா போய்விட்டிருந்தார். என் பையில் துண்டும் சீப்பும் எடுத்து வைத்தது அல்போன்சாதான். பாதி முகத்தில் காய்ந்திருந்த சோப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டதும் அவர்தான். அப்படிப்பட்டவரைக் காரியம் முடிந்து திரும்பிய பிறகு நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் கூடத்தில் இருந்தால் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போவேன். அவருக்கும் தெரிந்திருக்கும். ஒருநாளும் கேட்டதில்லை.

செல்போன் வந்தது. இன்கமிங் இலவசம் என்று பேப்பரில் செய்தி வந்த அன்று அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தெரு முழுக்கச் சுற்றினார் அல்போன்சா. "ஃப்ரீயாம்மா, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்குங்களேன்!" கம்பெனிக்காரனே இவ்வளவு அலைந்திருக்கமாட்டான். ஒவ்வொரு வீடாக வாங்கியது. இந்த அம்மாளுக்கு இதில் என்ன கமிஷன் என்று சந்தானம் கிண்டல் செய்தார்.

வேதநாயகி மட்டும் மாட்டேன் என்றார். அல்போன்சா மேல் இன்னும் மனத்தாங்கலோ என்று நினைத்து ஒருநாள் கேட்டேன்.

"மனத்தாங்கலா? நல்லா கேட்டீங்க சார்," என்றார். "செல்லுன்னா சேதி நேரா காதுல வந்து வுழும். உக்காருன்னு சொல்ல அங்க யாரு இருக்கா?"

இதை அல்போன்சாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேதநாயகி தன்னை மன்னிக்கவில்லை என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த சிந்து, முதல் மாதமே அம்மாவுக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மறுநாளே அல்போன்சா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டெலிபோன் ஆபீஸுக்குக் கிளம்பினார், இணைப்பைத் திருப்பிக் கொடுக்க. கவுண்டரில் இருந்தவருக்கே மனசில்லை. "யாக்கம்மா, சும்னே இட்கொள்ளி," சும்மா இருக்கட்டுமே என்றார். அல்போன்சா தலையை ஆட்டி, "சாக்கு சார், சாக்கு" என்றார். போதும் என்பதற்கான அந்தக் கன்னடச் சொல்லை அவ்வளவு களைப்போடு சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய போனைப் பற்றிப் பத்திரிகைக்கு உருக்கமாக எழுதலாம் என்று எனக்கு எண்ணம். திரும்பும் வழியில், அந்த மணிச்சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்காதா என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, உங்களுக்கெல்லாம் அது மணி," என்றார். "எனக்கு ஒவ்வொரு தபா அடிக்கிறப்பவும், இன்னிக்கு யாரு வீட்டுக்கு நடக்கணுமோன்னு இருக்கும். மழையில லைன் டெட்டாச்சின்னா அன்னிக்குத்தான் நல்லா தூங்குவேன். பதிமூணு வருஷத்துல பதினேழு வீடு. யாரு வீட்டுலயும் ஒரு வாய் காபி குடிச்சதில்ல."

நான் எழுத நினைத்திருந்த கட்டுரை அங்கேயே செத்தது.

சென்ற மாதம் சிந்துவுக்கு நிச்சயதார்த்தம். காலை பத்தரை மணி. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்க, உள்ளே ஒரே பேச்சும் சிரிப்பும். தெருவிலிருந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்ற குரல் வந்தது. அரக்குப் பட்டுச்சேலை, கையில் பரிசுப் பொட்டலம், காலில் அதே ரப்பர் செருப்பு. பழைய வீட்டுக்காரர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஆளாளுக்குத் தங்கள் செல்போனை ஒரு தடவை பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். நானும் பார்த்தேன்.

அல்போன்சா கம்பிகளுக்கு நடுவே பொட்டலத்தை நீட்டினார். வேதநாயகி அதை வாங்கவில்லை. கேட்டைத் திறந்தார்.

"வேணாம் வேதா. நான் படி ஏறினா எல்லாருக்கும் பக்குனு ஆவும். நல்ல நாளு."

"போனுதான் போயிடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு வெளிய நிக்கிற?" வேதநாயகி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ உக்கார வெக்கலன்னா நான் இன்னிக்கு இருக்கமாட்டேன். உள்ள வா. வந்து உக்காருக்கா."

அல்போன்சா, வேதநாயகி சரிந்து விழுந்த அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, வலது செருப்பைக் கழற்றினார். ஊக்கு குத்திய இடது செருப்பையும் கழற்றினார். இரண்டையும் ஜோடி சேர்த்து, மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவே வைத்தார்.