வின்சென்றின் மூக்குச் சுவர்

கிளென் ஈடன் வீட்டில் அந்த ஒலியை முதலில் கேட்டவர் டோறின்தான். மெல்லிய விசில். வானொலியை நிறுத்தினால் கேட்கும். யாராவது பேசினால் மறையும். அடுப்பில் கேத்தில் கொதிக்கிறதா என்று பார்த்தார். யன்னல் இடுக்குகளில் துணி அடைத்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலம். காற்றுத்தான் என்று நினைத்தார்.

ஒரு ஞாயிறு, கோயிலில் எல்லாரும் மௌனமாக முழங்காலில் நின்றபோது அது பக்கத்திலிருந்தே வந்தது. கணவர் வின்சென்ற் கண்மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். வாயும் மூடியிருந்தது.

“இஞ்சேருங்கோ, நீங்களோ விசிலடிக்கிறது?”

“எனக்கென்ன விசரோ?” என்றார் அவர். சொல்லிவிட்டு மூச்செடுத்தபோது மறுபடி கேட்டது.

மன்னாரில் படகு எஞ்சின் திருத்தியவர் வின்சென்ற். புலம்பெயர்ந்து இங்கே வந்ததும், வாகனப் பாகங்களுக்குக் குரோம் முலாம் பூசும் பட்டறையொன்றில் வேலை கிடைத்தது. செம்மஞ்சள் திரவம் நிறைந்த தொட்டிகளின் மேல் எப்போதும் ஒரு மூட்டம் நிற்கும். கையில் பட்ட கறையைக் கழுவ, வைட்டமின் சி கரைத்த தண்ணீர் வைத்திருந்தார்கள். கையை விட்டால் மஞ்சள் பச்சையாகிக் கழன்றுவிடும். விஷம் இறங்கிவிட்டது என்பார்கள். கையில் நடப்பது உள்ளேயும் நடக்கும் என்று நம்பி, வின்சென்ற் காலையில் அதே வைட்டமின் குளிசையை விழுங்கிவிட்டுப் போனார். முகமூடி போட்டால் மூச்சு முட்டியது, கழற்றிவைத்தார்.

டோறின் வற்புறுத்திக் கூட்டிப்போக, சான்ட்ரிங்ஹாமில் டொக்டர் தமயந்தி அவருடைய ஒரு நாசிக்குள் வெளிச்சம் அடித்தார். மற்ற நாசியும் ஒளிர்ந்தது.

“மூக்கு நடுச்சுவரிலை ஓட்டை. குரோமியப் புகை அரிச்சிருக்கு, காத்து அதுக்குள்ளாலை போகேக்கைதான் விசில். நோகேல்லையோ?”

“இல்லை. நான் நெடுக வைட்டமின் சி எடுக்கிறனான்.”

“வைட்டமினாலை குரோமியம் கையிலை மாறினால் கழுவி விடலாம். உயிரணுவுக்குள்ளை மாறினால் எங்கை கழுவுறது? உள்ளுக்குள்ளை வைட்டமின் குரோமியத்தை மாத்தேக்கை தெறிக்கிற துணுக்குகள் மரபணுவைக் கிழிக்கும். மாறின குரோமியமும் அதிலையே ஒட்டிக்கொண்டு நிக்கும். குளிசை கெட்டதெண்டு நான் சொல்லேல்லை. அதை நம்பிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளை நிக்காதேங்கோ.”

வின்சென்ற் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை சுத்தமாக இருந்தன.

வேலையை விட்டார். ஓட்டைக்குச் சின்ன அடைப்பான் வைத்தார்கள், ஒலி நின்றது. கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டத் தொடங்கினார். நெஞ்சு எக்ஸ்-றே படத்தில் புற்றுநோய் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வருடாவருடம் வாருங்கள் என்றார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பாபகூராவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிய டோறின், கதவைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். தரைப்பலகைக்குக் கீழே ஏதோ செத்து அழுகிக் கிடந்தது. அதற்கு நேர்மேலே மேசையடியில் அமர்ந்து வின்சென்ற் ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனப்பா,” என்றார், “மூக்கைப் பொத்துறீர்?”