தம்பிராசாவுக்குக் காட் இல்லை

போன கிழமை பள்ளிக்கூட வாசலில் மகனின் ஆசிரியை என்னை மட்டும் மறித்தார். கையில் அப்போதுதான் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். சூட்டு மணம் இன்னும் போகவில்லை. தொப்பிக்காரர் ஒருவர் பொலிஸைக் கண்டு ஓடுகிறார். "அமெரிக்கர். ஊமைப்படக் காலத்திலேயே தானே இயக்கித் தானே நடித்த முன்னோடி" என்று பெயரையும் சொன்னார். "உங்கள் மகனோ, இவர் தம்பிராசா, விசா இல்லை, அம்மாவுக்குத் தெரிந்தவர் என்கிறான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா? நாங்கள் உதவலாம்."

வீட்டில் எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள். இருந்தும் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினேன் என்றால் பாருங்கள்.

அதே பிளாஸ்டிக் மணம்தான் செல்வண்ணையின் கடையிலும். லிசே என்னும் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சனிக்கிழமைகளில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், அவருடைய படக்கடையில் டிவிடி உறைகளை ஒட்டிக்கொண்டு நின்றேன். புதுத் தமிழ்ப் படத்தைக் கடை டிவியில் போட்டால் சனம் நின்றே பார்த்துவிட்டு வாங்காமல் போய்விடும். ஆகவே யாரும் வாங்காத, இதே தொப்பிக்காரரின் அமெரிக்க ஊமைப்படம் ஒன்றை அண்ணை போட்டார். சனம் அதையும் நின்று பார்த்தது. புறநகர் லா கூர்னெவ்விலிருந்து மரக்கறி வாங்க வந்தவர்கள் திரும்பிப்போகும் ரயிலைத் தவறவிட்டார்கள்.

"அண்ணை, உவன் ஏன் ஓடுறான்?"

"காட் இல்லையடா. பின்னை, ஓடாமல்?"

"ஊர் எது?"

"பருத்தித்துறை. பேர் தம்பிராசா. நடையிலை தெரியேல்லையோ?"

பார்த்தவர்களில் பாதிப்பேர் காட் என்கிற வதிவிட அட்டைக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள். அவன் கூரையில் ஏறினால், "உந்தப் பக்கம் போகாதை, செக்கிங்!" என்று கத்துவார்கள். பீப்பாய்க்குள் ஒளிந்தால், "லோயர் பிழை" என்று வக்கீலைக் குறைசொல்லி ஒருவர் தலையாட்டுவார். ஒருநாள் பொலிஸ்காரன் சேற்றில் விழ, கடையே கைதட்டியது. ஓர் ஐயா எல்லாருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார், தன் அகதிக் கேஸே வென்றதுபோல. இப்போது அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். அண்ணை லண்டனுக்குப் போய்விட்டார்.

என் மகன் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கியபோது தம்பிராசாவின் ஞாபகம் வந்தது. பிரெஞ்சு பேசாத ஒரே படம்! பக்கத்தில் இருந்து தமிழை நானே போட்டுவிடலாம். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பலிக்கவும் செய்தது. "ஓடு தம்பிராசா, வாறாங்கள்!" என்று மகன் கட்டிலில் குதிப்பான். நாள் முழுக்க அவன் வாயிலிருந்து வரும் தமிழ் அவ்வளவுதான்.

இப்போது, தம்பிராசா தமிழனே இல்லை என்ற உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடுமோ? சொல்லாவிட்டால் வகுப்பில் சிரிப்பார்களோ? கணவரைக் கேட்டேன். "சொல்லும். ஆனா மெதுவாச் சொல்லும்" என்றார், செத்தவீட்டுச் செய்திபோல. சொன்னேன். மகன் அழவில்லை. அந்த அமெரிக்கப் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தான், ஆசிரியையைப் போலவே, அழகாக.

பின்னேரம் படத்தைப் போட்டேன். பொலிஸ் வந்தது. "ஓடு தம்பி..." என்று தொடங்கினேன்.

மகன் என் வாயைப் பொத்தினான். "உஷ், மாமோன். அவருக்குத் தமிழ் தெரியாது" என்றான், அம்மா என்பதையும் சேர்த்துப் பிரெஞ்சில்.

அதன்பிறகு படம், அந்த மனிதர் எடுத்தபடியே, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி முடிந்தது.